அடுத்த வீட்டுக் காய்ச்சல்

ராயபுரத்தில் நாகரத்தின முதலி ஸ்டோர் என்று ஒரு பழைய குடித்தனக் கட்டடம் இருந்தது. அதற்குள் காய்ச்சல் புகுந்த வருஷம்தான், கல்யாணமே செய்துகொள்ளாத கன்னையா நாயுடுவுக்குப் பிரசவ வலி என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரு மத்தியானம் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு பல் கிடுகிடுக்கக் கிடந்தவர், நடுக்கம் தணிந்து உடம்பு கொதிக்கத் தொடங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்து, வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விடுகிற வரைக்கும் கத்தி, பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு எதிர்ப் போர்ஷன் ரூபவதியின் வாசலில் போய் நின்றார்.

"உன் ரெண்டாவது பையன் பொறக்கச்சொல்ல மழை பெஞ்சுதாம்மா?"

ரூபவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஆமாங்க, நல்ல மழை."

"கால் மொதல்ல வந்துதா?"

"ஆமாங்க."

நாயுடு தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலிருந்து அவள் வாசலில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போவதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த ஸ்டோரில் நடுவில் ஒரு கிணறு, சுற்றிலும் ஒற்றை அறையும் சமையல் மூலையுமான போர்ஷன்கள், எல்லாருக்கும் ஒரே துணி துவைக்கிற கல். கிணற்றுக்கு மேல் போட்டிருந்த இரும்பு வலை துருப்பிடித்து ஓட்டையாகி, அந்த ஓட்டை வழியாகக் கொசு இறங்கி முட்டையிட்டு, பெருகி மேலே வந்து, ஒருவர் ரத்தத்தைக் குடித்துச் சில நாள் வயிற்றில் வைத்திருந்து அடுத்தவரைக் கடித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்லிவைத்த மாதிரி வருகிற முறைக்காய்ச்சலைக் கொடுத்தது. இதெல்லாம் பட்டணத்தில் எல்லாக் கிணற்றிலும் நடந்ததுதான். இந்தக் கிணற்றுக் கொசு மட்டும் காய்ச்சலோடு, முதலில் கடிபட்டவர் வாழ்ந்த வாழ்க்கையில் ஒரு துண்டையும் கொண்டுவந்து அடுத்தவருக்குள் இறக்கியது. குளிரும்போது ஒன்றும் தெரியாது. உடம்பு சுடும்போது அது வரும். வியர்க்கும்போது போய்விடும்.

காலையில் கிணற்றடியில் குடத்தோடு கூடுகிறவர்கள் "உடம்பு எப்படி இருக்கு" என்று விசாரிப்பதை விட்டுவிட்டு "நேத்து யாரு வூட்டுக்குப் போன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வாட்ச்மேன் ஒருவர், தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு கொல்லிமலைப் பாதையில் பலாப்பழத்தைத் தலையில் சுமந்து இறங்கியதைச் சொன்னார். அது மூன்றாவது போர்ஷன்காரரின் சின்ன வயசு. பல வருஷமாகப் பேசாத ஓரகத்திகளில் இளையவள், மூத்தவளுடைய உடம்புக்குள் இருந்துகொண்டு, கல்யாணப் பந்தியில் இலை போடாமல் விடப்பட்டு நின்ற அந்த நிமிஷத்தை நின்று பார்த்தாள். மறுநாள் ஒரு கிண்ணம் வஞ்சிரக் குழம்போடு மூத்தவளின் கதவைத் தட்டினாள். பார்த்ததை, அந்த வாழ்க்கைக்கு உரியவர் கேட்டால் ஒழிய, வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. கேட்டால் மறைக்கக் கூடாது என்றும் வந்தது. சிலர் கொசுவலையை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்.

நவநீதத்துக்குக் காய்ச்சல் வந்தது ஆடி பிறந்த பிறகு. அவள் புருஷன் ஏகாம்பரம் துறைமுகத்தில் கிரேன் கலாசி. பகலில் வீட்டில் இருக்க மாட்டான். ஐந்து வயது மகள் தேன்மொழி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில். ஆளில்லாத அந்த மத்தியானத்தில் குளிர் வந்து கட்டிலைக் கடகடவென்று ஆட்டி ஓய்ந்தபோது, நவநீதம் ஒரு கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தாள்.

தார் வாசனையும் வாந்தி வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடித்தன. அவளுடைய கைகள் முடி அடர்ந்த ஆம்பளைக் கைகளாக இருந்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே கட்டம் போட்ட லுங்கியும் ரவிக்கையுமாக ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் இடது கணுக்காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. அவள் ஒரு தகரக் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கினாள். அத்தோடு வியர்வை வந்துவிட்டது.

நவநீதம் எழுந்து உட்கார்ந்து தன் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புளியங்கொட்டை அங்கே இருந்தது, வயசுக்குத் தக்கபடி கொஞ்சம் விரிந்து.

ரங்கூனிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த காலத்தில் வந்தவள் அவள். அப்போது பேச்சு வராத வயசு. தாய் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போக, கடலில் இறக்கிவிட்டார்கள். கடையை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்ற தகப்பன் வரவேயில்லை. கூட வந்த ஒரு சித்தி முறைக்காரி எடுத்து வளர்த்தாள். படம் ஒன்றும் கிடையாது. "உங்கம்மா நல்லாத்தான் இருப்பா" என்பதற்கு மேல் சித்திக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆன பிறகும் நவநீதம் சந்தையில் முகம் தெரியாத நடுவயசுப் பெண்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஸ்டோரில் பர்மாவிலிருந்து வந்த இன்னொருவர் காத்தமுத்து. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வண்டி போட்டிருந்தார். மஞ்சள் நூடுல்ஸை எண்ணெயும் வெங்காயமும் விட்டுக் கையாலேயே பிசைந்து தருகிற அந்தச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். ரங்கூனில் ஒரு பர்மாக்காரியைக் கட்டி, அவளை விட்டுவிட்டு வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் அவரிடம் பர்மாப் பேச்சை எடுப்பதில்லை. நவநீதமும் எடுத்ததில்லை.

அன்று சாயங்காலம் அவர் வண்டிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது அவள் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, கப்பல்ல உங்களுக்கு ஒருத்தி தண்ணி குடுத்தாளா?"

கரண்டி நின்றது. "யாரு சொன்னா?"

"மத்தியானம் நான் உங்க வூட்டுக்குத்தான் வந்திருந்தேன்."

அவர் அடுப்பைத் தணித்தார். "குடுத்தாம்மா. ரெண்டு நாளாத் தண்ணி குறைச்சுத்தான் ஊத்துனாங்க. நான் என் பங்கைச் சிந்திட்டேன். யாருன்னே தெரியாத பொண்ணு, தன் குவளையை நீட்டுச்சு."

"முகம் எப்படி இருந்துது?"

அவர் வெகுநேரம் யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "நான் தண்ணியைத்தாம்மா பார்த்தேன்" என்றார் கடைசியில். "குடிச்சு முடிச்சு நிமிர்ந்தப்ப அது அந்தப் பக்கம் போயிருச்சு. எதுக்குக் கேக்குற?"

நவநீதம் புடவையைக் கணுக்கால் வரைக்கும் விலக்கிக் காட்டினாள். காத்தமுத்து அந்தத் தழும்பைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார், கீழே வைத்தார். அன்றைக்கு வண்டி போகவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் கப்பலுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் திரும்பத் தொடங்குவாள். கன்னத்தின் ஓரம் தெரியும், காதோரத்து மயிர் தெரியும், வியர்த்துவிடும். அவர் பார்க்காததை அவருடைய ஞாபகத்தில் தேடுகிறோம் என்று நவநீதத்துக்குப் புத்தி சொன்னது. இன்னும் கொஞ்சம் நேரம் காய்ச்சல் நின்றால் அவள் திரும்பிவிடுவாள் என்று அந்தப் புத்திக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் சொன்னது. வாரம் ஆக ஆக உடம்பு சுண்டிப்போனது. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்பட்டது. குடம் தூக்கினால் கண் இருட்டியது. இருந்தாலும் காய்ச்சல் வரவேண்டிய நாளில் காலையிலேயே சமையலை முடித்து, வாசலைத் துடைத்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு படுத்தாள்.

ஸ்டோரில் மற்றவர்கள் நினைப்பு மாறியது ஜெயராணியால். கடைசிப் போர்ஷனில் புதுசாகக் கல்யாணமாகி வந்தவள். காய்ச்சலில் அவளுக்குக் கரு கலைந்துபோனது. அந்த வாரம் அவளைக் கடித்த கொசுக்கள் அவளுடைய அந்தப் பகலைக் கொண்டுபோய் ஸ்டோரில் பாதிப் பேருக்குக் கொடுத்தன. ஆம்பளைகள்கூடப் பாயில் திரும்பிப் படுத்து அழுதார்கள். அதற்குப் பிறகு யாரும் நேற்று எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நாயுடுவே நடந்துபோய் மலேரியாக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நீலமேகம் என்ற அந்த மனிதர் சைக்கிளில் வந்து, ஒவ்வொருவர் விரலிலும் ஊசியால் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் தேய்த்துக்கொண்டுபோய், மறுபடி மாத்திரைகளோடு வந்தார். காய்ச்சலில் என்னென்ன வருகிறது என்று அவர்கள் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருவில் காய்ச்சல்காரர்களுக்கெல்லாம் காது மணக்கிறது என்றும், இதுவும் அந்த மாதிரிதான் என்றும் சொன்னார்.

"வெள்ளை மாத்திரை ரத்தத்துல இருக்கிறதைக் கொல்லும். இந்தச் சின்ன மாத்திரை ஈரல்ல ஒளிஞ்சிக்கினு இருக்கிறதைக் கொல்லும்; இதை ரெண்டு வாரம் விடாம போடணும். ஒருத்தர் உடம்புல மிச்சம் இருந்தா போதும், எல்லார் உடம்புலயும் இருக்கிற மாதிரிதான்."

கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீன்குஞ்சுகளை விட்டார்கள். வலையை மாற்றினார்கள். எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்று, தூரதேசத்துக்குப் போகிறவரை வழியனுப்ப வந்தவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கசப்பு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். ரூபவதி நாயுடுவைப் பார்த்துச் சிரித்தாள். மூத்த ஓரகத்தி இளையவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஸ்டோர் மனிதர்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றது அதுதான் கடைசி.

நவநீதம் மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்த் துப்பினாள். அடுத்த நாளும் துப்பினாள்.

ஸ்டோர் தேறிவிட்டது. மத்தியானங்களில் பழையபடி ரேடியோவும் கிணற்றடிச் சண்டையும் கேட்டன. அவள் கதவு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஒருமுறை தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மிளகாய்த்தூள் கேட்க வந்த காத்தமுத்து கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினார். அவள் காய்ச்சல் விட்டு எழுகிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன் மாமா."

"பொய் சொல்லாத."

அவள் நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அந்த முகம் என்கிட்ட இல்லம்மா. இருந்தா உனக்குக் குடுக்க மாட்டேனா? இல்லாததை எத்தனை வாட்டி வந்து தேடுவ?"

"அவங்க திரும்புறாங்க மாமா. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் கூடத் திரும்புறாங்க."

"அது உன் ஆசை."

"ஆசையா இருந்தா இன்னா? எனக்கு அவ்ளோதான் இருக்குது."

அவர் எழுந்தார். "ஏகாம்பரத்துகிட்ட நான் சொல்றதுக்குள்ள நீயே சொல்லிரு" என்றுவிட்டுப் போனார். சொல்லவில்லை, அவளும் சரி, அவரும் சரி. அவர் ஏன் சொல்லவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணை இன்னொரு ஆள் பார்க்கிறாள் என்பதில் அவருக்கும் ஒரு ஆறுதல் இருந்திருக்கலாம்.

புரட்டாசியில் ஒருநாள் தேன்மொழி பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தாள். ஆயா கூட்டிவந்து விட்டுப் போனாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, "குளிருதும்மா" என்றது. அந்தக் குளிர் எது என்று நவநீதத்துக்குத் தெரியும். இருந்த துணியையெல்லாம் போர்த்திப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குளிர் நின்று சூடு ஏறியது. தேன்மொழி கண்ணைத் திறந்து மேலே, தாயின் முகம் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அண்ணாந்து பார்த்தாள்.

"யாரும்மா இவங்க?"

"யாருடி?"

"என்னை இடுப்புல வெச்சிருக்காங்க. மூக்குல குச்சி."

நவநீதத்துக்குப் புரிந்துவிட்டது. தனக்கே தெரியாமல் தன் ரத்தத்தில் இத்தனை வருஷமாகக் கிடந்த ஒன்றை, ஒரு கொசு எடுத்துக்கொண்டுபோய்த் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது. அவளுக்குப் போய்ச்சேராதது இந்தப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. குனிந்து, "முகம் தெரியுதா? சொல்லு கண்ணு, முகம் எப்படி இருக்குது?" என்று கேட்டாள். தேன்மொழி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

நவநீதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கத்தினாளா என்று அவளுக்குப் பிற்பாடு ஞாபகமில்லை. காத்தமுத்து தன் வண்டியிலிருந்த நூடுல்ஸ் தாம்பாளத்தையும் எண்ணெய்ச் சட்டியையும் ஒரே தள்ளலில் தரையில் தள்ளினார். அந்தப் பலகைமேல் பிள்ளையைக் கிடத்தி, ஈரத்துண்டைப் போட்டு, நாயுடு முன்னால் வழிவிலக்க, அவர் தள்ள, நவநீதம் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டே ஓட, வெங்காய வாசனை அடிக்கிற அந்த வண்டி சிமெண்டு ரோடு தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

வலிப்பை நிறுத்திய பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, "வீட்ல வேற யாருக்காவது மலேரியா இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றாள் நவநீதம். "மாத்திரை குடுத்தாங்க. நான் துப்பிட்டேன். என்கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்துது."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நவநீதம் காத்திருந்தாள், திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு அவளுக்கும் மாத்திரை கொடுக்கச் சொன்னார். நவநீதம் அதை நாக்கில் வைத்து, கசப்பு தொண்டை வரைக்கும் இறங்குகிற மாதிரி மென்று விழுங்கினாள். வேலையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்த ஏகாம்பரம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இட்லி வாங்கி வந்து, பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினான்.

தேன்மொழிக்கு மறுமுறை வரவேண்டிய காய்ச்சல் வரவில்லை. அந்த மத்தியானம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. காத்தமுத்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். நவநீதம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தாள். பிள்ளை கஞ்சியைக் குடித்துக்கொண்டே தானாகச் சொன்னது.

"அந்த அம்மா மூக்குத்தி போடல. ஓட்டைல தொடப்பக்குச்சி சொருகியிருந்தாங்க."

"கப்பல் ஏறும்போது நகையெல்லாம் கழட்டி வாங்கிட்டாங்க" என்றார் காத்தமுத்து மெதுவாக. "பொம்பளைங்க எல்லாம் ஈர்க்குச்சிதான் சொருகியிருந்தாங்க."

"நெத்தி உன்னை மாதிரிம்மா, பெருசு. பல்லு மேல பல்லு ஒண்ணு இருந்துது, இங்க." பிள்ளை தன் வாயில் விரலை வைத்துக் காட்டியது. "ஒரு மாமா தண்ணி குடிச்சாரு. அவரு தொண்டை ஏறி ஏறி இறங்குச்சு. அந்த அம்மா அதையே பார்த்துக்கினு இருந்தாங்க."

"சிரிச்சாங்களா?" என்று நவநீதம் கேட்டுவிட்டாள்.

"இல்ல." தேன்மொழி யோசித்தாள். "அவரு குடிக்கச்சொல்ல எச்சில் முழுங்கினாங்க."

வார்டில் யாரோ தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. காத்தமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, இத்தனை வருஷமாக ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவளைப் பார்த்து, "உங்கம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"வள்ளிக்கண்ணுன்னு சித்தி சொல்லும்."

"வள்ளிக்கண்ணு" என்றார் அவர். "என் வீட்டுக்காரி பேரு மா டின்." அதுவரைக்கும் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அன்று பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கிற வரைக்கும் அவர் ரங்கூனைப் பற்றிப் பேசினார். ஏகாம்பரமும் பக்கத்துக் கட்டில்காரியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஸ்டோர் இப்போது இல்லை. கிணற்றை மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாயுடுவும் காத்தமுத்துவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். மற்றவர்கள் மணலியிலும் திருவொற்றியூரிலும் சிதறிப்போனார்கள். கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொண்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். கப்பல் அதன் பிறகு நவநீதத்துக்கு வரவேயில்லை. தேன்மொழியோ, பிள்ளைகள் மறக்கிற வேகத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமே எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்துத் தலையை அவள் மடியில் வைத்துப் படுத்துக்கொண்டு, "அந்தக் கதையைச் சொல்லும்மா" என்பாள். நவநீதம் அவளுடைய முடியைக் கோதியபடி, பெரிய நெற்றியையும், மூக்கில் ஈர்க்குச்சியையும், பல்மேல் பல்லையும், எச்சில் விழுங்கியதையும், பிள்ளை அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் ஒன்று கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவாள்.

"அப்புறம் அவங்க இன்னா பண்ணாங்க?" என்பாள் தேன்மொழி.

"அவ்ளோதான்டி," என்பாள் நவநீதம், "நீ பார்த்தது."